சாவோ பாவ்லோவில் ஐந்து மாதம்: ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

கேள்வி: திருச்சியில் பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி ஒப்பந்தத்தின் வழியாக வரும் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. போர்ச்சுகீசியம் தெரியாது, ஆங்கிலம் போதுமா? எங்கே தங்குவது? நான் சுத்த சைவம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது, சான்றிதழ்களில் இனிஷியல்தான். இதனால் சிக்கல் வருமா? தனியாக அனுப்ப அம்மா தயங்குகிறார்.

பதில்:

கடைசியில் கேட்டிருக்கும் பெயர் விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லா வேலையும் அதன் மேல்தான் நிற்கிறது. ஐந்து மாதம் மிகக் குறுகிய காலம். அங்கே போனதும் முதல் மாதம் முழுக்க அலுவலக வரிசைகளில் கழிந்துவிட்டால் மிஞ்சுவது நான்கு மாதம். அந்த வரிசைகளில் பாதியைத் திருச்சியில் இருக்கும்போதே முடித்துவிட முடியும்.

பிரேசிலில் எந்தப் படிவத்திலும் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் கேட்பார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில் அம்மாவின் முழுப் பெயர் இருக்கும். அங்கே ஒரே பெயர் கொண்ட பலர் இருப்பதால், ஆளை அடையாளம் காண அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். மருத்துவமனை, வங்கி, போலீஸ் எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். உங்கள் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் இனிஷியலோடும், வேறொரு ஆவணத்தில் அப்பா பெயரோ கணவர் பெயரோ சேர்ந்தும், இன்னொன்றில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தால், அங்குள்ள கணினிக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள்.

ஆகவே முதல் வேலை பாஸ்போர்ட். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு மறுவெளியீட்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர்கள் பாஸ்போர்ட் விவரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் மாநகராட்சியில் திருத்தி ஆங்கிலப் பிரதி வாங்கிவிடுங்கள். இதையெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பும் முன்னால் செய்ய வேண்டும். பழைய பாஸ்போர்ட்டின் பெயரில் அனுமதிக் கடிதம் வந்து, புதிய பாஸ்போர்ட்டில் விசா கேட்டால், கடிதத்தைத் திருத்தி வாங்கவே வாரங்கள் போகும்.

புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் சி.பி.எஃப். எண் வாங்குங்கள். இது பிரேசிலின் வரித்துறை தரும் 11 இலக்க எண். வரி கட்டாதவருக்கும் இது வேண்டும். சிம் கார்டு, பஸ் கார்டு, இணையத்தில் வாங்கும் பொருள், வங்கிக் கணக்கு என்று எல்லா இடத்திலும் இதைக் கேட்பார்கள். மருந்துக் கடை கல்லாவில்கூடக் கேட்பார்கள். இதைப் பெற பிரேசிலுக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்தே வரித்துறையின் இணையப் படிவத்தை நிரப்பித் தூதரகம் வழியாக வாங்கலாம். படிவத்தில் அம்மா பெயரை எப்படி எழுதுகிறீர்களோ அப்படியேதான் பிறகு எல்லா இடத்திலும் எழுத வேண்டும்.

விசா வகையின் பெயர் விட்டெம் 4, படிப்புக்கான தற்காலிக விசா. பிரேசிலுக்குப் புது தில்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. தமிழ்நாட்டு முகவரிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதை அவர்களுடைய தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதம், பணம் இருப்பதற்கான சான்று, பாஸ்போர்ட் சேவா மையம் தரும் போலீஸ் நன்னடத்தைச் சான்று, பிறப்புச் சான்றிதழ் ஆகியவை முக்கியம். போலீஸ் சான்றை ரொம்ப முன்னாடியே வாங்கி வைக்காதீர்கள், அண்மையில் பெற்றதாக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு மட்டும் இப்போதே வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) வாங்கிவிடலாம். இந்தியா, பிரேசில் இரண்டுமே அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் தூதரகச் சான்றொப்பம் தனியாகத் தேவையில்லை. சான்றிதழைப் போர்ச்சுகீசியத்தில் மொழிபெயர்ப்பது பிரேசிலில் பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் வேலை. ஸ்கேன் அனுப்பினால் அவர் அங்கிருந்தே செய்து தருவார். அப்போஸ்டில் ஒட்டிய பிறகு மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். முன்பே கொடுத்தால் முத்திரைப் பக்கம் மொழிபெயர்ப்பில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், பக்கக் கணக்கில் வாங்கிய கட்டணமும் இரட்டிப்பாகும்.

பலர் அடியோடு மறந்துவிடும் ஒன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்தியாவிலிருந்து போகிறவரிடம் பிரேசில் அதைக் கேட்பதில்லை என்பதால் போடாமல் போய்விடுகிறார்கள். கேட்பது இந்தியா, நீங்கள் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பிரேசில் இருக்கிறது. ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாமல் சென்னையில் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். பயணத்துக்கு 10 நாளாவது முன்பு ஊசி போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அட்டையில் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதுவார்கள், ஆகவே இதுவும் புதிய பாஸ்போர்ட் வந்த பிறகுதான்.

விமானம் துபாய் அல்லது தோஹா வழியாகப் போவது எளிது. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்குக்கூட அந்நாட்டு விசா வேண்டும். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். இதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

சாவோ பாவ்லோவில் இறங்கிய முதல் வாரத்திலேயே ஃபெடரல் போலீஸில் குடியேற்றப் பதிவுக்கு நேரம் குறித்துவிடுங்கள். சட்டம் தரும் அவகாசம் 90 நாள், ஆனால் நேரம் கிடைப்பதற்கே வாரக்கணக்காகலாம். இணையத்தில் படிவம் நிரப்பி, அட்டைக் கட்டணம் சுமார் 200 ரெயாலைக் (பிரேசில் நாணயம்) கட்டி, லாப்பா பகுதியில் உள்ள அலுவலகத்துக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட், விசா, கட்டண ரசீது, 3க்கு 4 செ.மீ. புகைப்படம், அப்போஸ்டிலும் மொழிபெயர்ப்பும் உள்ள பிறப்புச் சான்றிதழ், தங்கும் முகவரி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அன்றே கிடைக்கும் ஒப்புகைச் சீட்டில் உங்கள் ஆர்.என்.எம். எண், அதாவது குடியேற்றப் பதிவு எண், இருக்கும். அட்டை பிறகு வரும், அதுவரை சீட்டே போதும். 90 நாள் தாண்டினால் நாளுக்கு 100 ரெயால் அபராதம், உச்சவரம்பு 10,000.

மொழிக்கு வருவோம். ஆங்கிலம் போதாது. உங்கள் துறை, உஸ்பியின் கட்டடக்கலை, நகரமைப்புப் பள்ளி. (உஸ்பி என்றுதான் எல்லோரும் பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள்.) அங்கே பாடம் போர்ச்சுகீசியத்தில்தான் நடக்கும். ஸ்டுடியோவில் நாலைந்து பேர் குழுவாக உட்கார்ந்து வேலை செய்யும்போது ஆசிரியர் ஆங்கிலம் பேசுவாரா என்பது பெரிய விஷயமே இல்லை. குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது புரிய வேண்டும். இன்று முதல் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆகஸ்டுக்குள் கேட்டுப் புரியும் நிலைக்கு வந்துவிடலாம். லிஸ்பன் உச்சரிப்பில் உள்ள பாடங்களை எடுக்காதீர்கள், உயிரெழுத்துகளை விழுங்கும் அந்தப் பேச்சு உங்களைக் குழப்பும். பிரேசில்காரர்கள் பேசும் ஒலிப்பதிவுகளையே கேளுங்கள். உஸ்பியின் மொழி மையத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான போர்ச்சுகீசிய வகுப்பும் உண்டு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பருவம் தொடங்கும் முன்பே பதிவு செய்யுங்கள்.

பாடங்களை எண்ணிக்கைக்காக அடுக்காதீர்கள். உஸ்பியில் ஒரு வகுப்பு கிரெடிட் என்றால் 15 மணி நேரம், ஆகவே 4 கிரெடிட் பாடம் 60 மணி நேரம், வாரத்துக்கு 4 மணி. ஒரு ஸ்டுடியோ, அதோடு இரண்டு கோட்பாட்டுப் பாடம், ஒரு மொழி வகுப்பு. இதற்கு மேல் எடுத்தால் நகரத்தைப் பார்க்கவே நேரம் இருக்காது. ஒரு கட்டடக்கலை மாணவி அப்படித் திரும்பி வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மதிப்பெண் 10க்கு, தேர்ச்சி 5. வருகை 70 சதவீதம் வேண்டும். 60 மணி நேரப் பாடத்தில் 18 மணி வரை விடலாம் என்று ஆகிறது. விசா தாமதமாகி மூன்று வாரம் பிந்திப் போனாலே அதில் 12 மணி கரைந்துவிடும். 3க்கும் 5க்கும் இடையே வாங்கியவர்களுக்கு மறுவாய்ப்புத் தேர்வு உண்டு. ஆனால் அது பருவம் முடிந்த பிறகு நடக்கும், நீங்கள் திருச்சிக்கு வந்திருப்பீர்கள். அதை நம்பி இருக்காதீர்கள்.

பாட அட்டவணையில் வகுப்பு நேரத்தைக் கவனியுங்கள். உஸ்பியில் இரவு வகுப்புகள் சாதாரணம், சில பாடங்கள் 11 மணியை ஒட்டித்தான் முடியும். உங்கள் அம்மாவின் கவலைக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்: இரவுப் பாடமே எடுக்காதீர்கள். புடாந்தா வளாகம் மிகப் பெரியது, இருட்டிய பிறகு பல சாலைகளில் ஆள் நடமாட்டம் இருக்காது.

பாடங்களை முடிவு செய்ததும் ஒவ்வொன்றின் பாடத்திட்டத்தையும் உஸ்பியின் பாட விவரத் தளமான ஜூப்பிட்டரிலிருந்து இறக்கி, உங்கள் கல்லூரித் துறைத் தலைவரிடம் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சரி என்றவர் நீங்கள் திரும்பும்போது அந்த நாற்காலியில் இல்லாமல் போகலாம். அங்கே போய்ப் பாடம் மாற்றினால் அன்றே மின்னஞ்சலில் மறு ஒப்புதல் கேளுங்கள்.

டிக்கெட் தேதி பற்றிச் சொன்னேன் அல்லவா? பிரேசிலின் அரசுப் பல்கலைக்கழகங்களில் வேலைநிறுத்தம் அபூர்வமல்ல. 2023 செப்டம்பரில் ஆசிரியர் பற்றாக்குறையை எதிர்த்து உஸ்பி மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் பல வாரம் நீடித்தது. அப்படி ஏதாவது நடந்தால் பருவம் நீளும். விசாவிலும் டிக்கெட்டிலும் இரண்டு மூன்று வாரம் கூடுதலாக இருந்தால் பதற வேண்டியதில்லை.

தங்குமிடத்துக்கு ஒரு கண்டிப்பான விதி: பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பாதீர்கள். வேறு யாருடைய வீட்டுப் படத்தையோ போட்டு, 'அறையைப் பிடித்து வைக்க முன்பணம் அனுப்பு' என்பது அங்கே பழகிப்போன மோசடி. முதல் பத்து நாளுக்குப் பின்யேரோஸ் அல்லது விலா மதலேனாவில் ஒரு ஹாஸ்டல் படுக்கை பிடித்து, அங்கிருந்து நேரில் போய்ப் பாருங்கள். நீங்கள் தேட வேண்டியது ரெப்பூப்ளிகா. மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கும் வீட்டை அப்படிச் சொல்வார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் ரெப்பூப்ளிகாக்களும் உண்டு. வளாகத்தை ஒட்டிய விலா இந்தியானா, புடாந்தா மெட்ரோ நிலையத்தைச் சுற்றிய தெருக்கள் இரண்டும் நல்லவை. தனி அறைக்குப் பெரும்பாலும் மாதம் 1,000 முதல் 2,000 ரெயால் ஆகும். மின்சாரம், தண்ணீர், இணையம், அடுக்ககமாக இருந்தால் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தனி வீடு எடுக்கப் பார்த்தால் ஃபியாதோர் கேட்பார்கள். அதாவது அதே நகரில் சொந்த வீடு உள்ள ஒருவர் உங்களுக்கு ஜாமீன் நிற்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு வந்தவருக்கு அது நடக்காது. முன்பணம் கொடுப்பதாக இருந்தால் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியான க்ருஸ்பி, முக்கியமாக வசதி குறைந்த உள்நாட்டு மாணவர்களுக்கானது. இடம் கிடைக்கும் என்ற கணக்கில் போகாதீர்கள்.

அறை பார்க்கப் போகும்போது ஜன்னலில் வெயில் வருகிறதா என்று பாருங்கள். ஆகஸ்ட் அங்கே குளிர்கால முடிவு. இரவில் 12 டிகிரி வரை இறங்கும், வீடுகளில் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் கிடையாது. வடக்கு நோக்கிய ஜன்னல்தான் அங்கே வெயில் வரும் ஜன்னல். குளியலறையில் ஷவர் தலையிலேயே சுமார் 5,500 வாட் ஹீட்டர் பொருத்தியிருப்பார்கள். தண்ணீரைக் குறைத்தால் சூடு கூடும். தண்ணீர் ஓடும்போது அதன் சுவிட்சை மாற்றாதீர்கள்.

ஊரிலிருந்து மிக்ஸியோ ரைஸ் குக்கரோ எடுத்துப் போகாதீர்கள். சாவோ பாவ்லோ நகரில் வீட்டு மின்சாரம் பெரும்பாலும் 127 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த குக்கர் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சக்தியில்தான் சூடாகும், அரிசி ஊறுமே தவிர வேகாது. லேப்டாப், போன் சார்ஜர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நம் தடித்த பிளக் முனைகள் அங்குள்ள துளையில் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிப் பயமே வேண்டாம். தினமும் சோறும் பயறும் சாப்பிடும் நாடு அது. உஸ்பியின் மாணவர் உணவகம் பாண்டெஜாவ். அங்கே பல ஆண்டுகளாகச் சாப்பாட்டின் விலை 2 ரெயால், இறைச்சிக்குப் பதிலாகச் சைவ வகை ஒன்றும் இருக்கும். வாரப் பட்டியலை முன்கூட்டியே போடுவார்கள். வெளியே தட்டை எடைபோட்டுக் காசு வாங்கும் கிலோக் கடைகள் உங்களுக்குத் தோது. பார்த்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். 'கார்னி (இறைச்சி) சாப்பிட மாட்டேன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்கு மாட்டிறைச்சிதான் நினைவுக்கு வரும், கோழியோ ஹாமோ போட்ட தட்டு வந்துவிடும். இறைச்சி, கோழி, மீன், ஹாம் எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: 'ஸெங் கார்னி, ஸெங் ஃப்ராங்கு, ஸெங் பேஷி, ஸெங் பிரெசுன்டு.' பீன்ஸ் குழம்பில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், அதையும் தனியாகக் கேட்டுவிடுங்கள். புதன், சனிக்கிழமைகளில் உணவகங்களில் கொதிக்கும் ஃபெயிஜோவாடா என்ற கறுப்பு பீன்ஸ் குழம்பில் பன்றி இறைச்சி இருக்கும்.

வாரம் ஒருநாள் ஒவ்வொரு பேட்டையிலும் தெருச் சந்தை கூடும். வெண்டைக்காய், மரவள்ளி, கொத்தமல்லி, தேங்காய், வாழை, கரும்புச் சாறு எல்லாம் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் 'பர்போயிலிசாடு' என்று போட்டிருக்கும் அரிசி நம் புழுங்கலரிசிதான். துவரையை 'குவான்டு' என்று முழுப் பயறாக விற்பார்கள். சீரகம், கடுகு, மசூர் பருப்புக்கு நகராட்சிச் சந்தை அருகே உள்ள தானியக் கடைத்தெரு. கறிவேப்பிலை மட்டும் கிடைப்பது கடினம். பொடியாக்கி, கடையில் பொதித்த உறையில் கொண்டுபோங்கள். விதை, செடி எதுவும் பெட்டியில் வேண்டாம்.

பணம் கொடுக்க நமக்கு யு.பி.ஐ. மாதிரி அங்கே பிக்ஸ். மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கியது, தெருவில் இளநீர் விற்பவர் வரை வைத்திருக்கிறார். அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும், அதைத் திறக்க சி.பி.எஃப். எண்ணும் ஆர்.என்.எம். சீட்டும் வேண்டும். முதல் வாரங்களுக்கு வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த இரண்டு கார்டுகளை, தனித்தனி இடத்தில் வைத்திருங்கள். இந்திய சிம்மை ரோமிங்கோடு போனின் இரண்டாவது இடத்தில் விட்டுவைக்காவிட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. வராது, கார்டு இருந்தும் பயன் இருக்காது.

பஸ் கார்டின் பெயர் பில்யேட்டி ஊனிகு. மாணவர் கார்டுக்குக் கல்லூரிப் பதிவு முடிந்ததும் விண்ணப்பித்தால் பாதிக் கட்டணம். புடாந்தா நிலையத்திலிருந்து வளாகத்துக்குள் சுற்றும் பஸ்களுக்குப் பல்கலைக்கழகம் தனி அட்டை தருகிறது, அதில் இலவசம். நிறுத்தத்தில் நின்றால் மட்டும் பஸ் நிற்காது, கையை நீட்ட வேண்டும். முன்வாசலில் ஏறி, உள்ளே இருக்கும் சுழல் தடுப்பைத் தாண்டிப் பின்வாசலில் இறங்குவது முறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரப் பஸ்கள் இலவசம்.

உங்கள் அம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள்: அந்நகரில் வெளிநாட்டு மாணவர்கள் அதிகம் சந்திக்கும் குற்றம் போன் பறிப்பு. நடைபாதை ஓரத்தில் நின்று வரைபடம் பார்ப்பவரின் கையிலிருந்து சைக்கிளில் வருபவர் பிடுங்கிப் போவார். வழி பார்க்க வேண்டுமானால் ஒரு கடைக்குள் போய்ப் பாருங்கள். பஸ் ஜன்னல் ஓரத்தில் போனைக் கையில் வைக்காதீர்கள். பறித்தால் எதிர்க்காமல் விட்டுவிடுங்கள். வங்கிச் செயலியில் இரவு பிக்ஸ் வரம்பைக் குறைத்து வையுங்கள். அரசின் செலுலார் செகூரு செயலியில் போனைப் பதிவு செய்தால், திருட்டுப் போனதும் இன்னொரு போனிலிருந்தே முடக்கலாம். இரவு வீடு திரும்ப செயலியில் கார் அழையுங்கள், மெட்ரோ நள்ளிரவு வரைதான். போலீஸ் 190, ஆம்புலன்ஸ் 192. அரசு மருத்துவம் வெளிநாட்டவருக்கும் இலவசம், ஆகவே காய்ச்சல் வந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல் அருகில் உள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். அங்கும் டெங்கு உண்டு.

அம்மாவோடு பேசும் நேரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளலாம். அங்கே நேரம் நமக்கு எட்டரை மணி பின்னால். திருச்சியில் இரவு 9 மணி, உங்களுக்குப் பகல் 12.30, சாப்பாட்டு இடைவேளை.

உங்கள் வகுப்புகள் நடக்கும் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விலனோவா ஆர்ட்டிகாஸும் கார்லோஸ் கஸ்கல்டியும் வடிவமைத்து 1969இல் திறந்தது. முகப்பில் கதவு கிடையாது, தளங்களைச் சரிவுப் பாதைகள் இணைக்கின்றன, நடுவில் எல்லோரும் கூடும் பெரிய முற்றம். ஓவியப் பலகையோடு அங்கே மதியங்களில் உட்காருங்கள். கட்டடக்கலைஞர் லினா போ பார்தி வடிவமைத்த மாஸ்ப் கலை அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை இலவசம். அவரே பழைய தொழிற்சாலையை மாற்றி அமைத்த செஸ்க் போம்பேயா பண்பாட்டு மையத்தில் மலிவாகச் சாப்பாடும் கிடைக்கும். அக்டோபருக்குப் பிறகு மாலைகளில் இடியோடு மழை கொட்டித் தெருக்களில் வெள்ளம் ஓடும். ஊர் சுற்றுவதை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

கிளம்பும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியலை யார், எந்த முகவரிக்கு, எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். டிசம்பர் மதிப்பெண்கள் கணினியில் ஏறும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். பாண்டெஜாவ் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் மிச்சத்தைத் தீர்த்துவிட்டு, மஞ்சள் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் அல்ல.